ஒரு மைக், பல நிறங்கள்

ஒரே பாடகரை இரண்டு வகை மைக்குகளில் பதிவு செய்து கேட்டால், குரலின் நிறம் மாறியிருப்பதை உணரலாம். ஒவ்வொரு மைக்கும் சில அதிர்வெண்களை உயர்த்தியும் சிலவற்றைத் தாழ்த்தியும் தருவதே காரணம். 1965-இல் வந்த ஷூர் எஸ்.எம். 57 மைக் 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை வாங்கும். 1967-இல் வந்த நாய்மன் யு 87 மைக் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை வாங்கும். விலையோ பல மடங்கு.

இந்த வேறுபாட்டைக் கணிப்பொறியில் ஈடுசெய்வதே மைக் மாதிரி மென்பொருளின் வேலை. பதிவு செய்த மைக்கின் இயல்பை முதலில் கழிக்கும். பிறகு நாம் விரும்பும் மைக்கின் இயல்பைக் கூட்டும். இதைக் கொண்டு இளைஞர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனைகள் மூன்று.

ஒன்று: பயன்படுத்திய மைக்குக்குப் பதிலாக வேறொன்றின் பெயரைக் கொடுங்கள். கணக்குத் தப்பும், ஆனால் எந்த மைக்கிலும் கிடைக்காத நிறம் கிடைக்கக்கூடும்.

இரண்டு: மிருதங்கப் பதிவுக்குப் பிரதிகள் எடுத்து, தொப்பியின் கும்கிக்கு ஒரு மாதிரியும் வலந்தலையின் சாப்புக்கு வேறொரு மாதிரியும் வைத்துக் கலந்து கேளுங்கள்.

மூன்று: ஒருவரே நான்கு முறை பாடிய கும்மிப் பாட்டில், ஒவ்வொரு முறைக்கும் ஒரு மாதிரியைக் கொடுங்கள். குரல்கள் பிரிந்து, குழுப்பாடல் போல் ஒலிக்கும்.

எல்லையையும் அறிய வேண்டும். எஸ்.எம். 57 வாங்காத உச்ச ஒலியை மென்பொருள் உண்டாக்காது. அங்கே கூட்டினால் இரைச்சல்தான் கூடும். மின்விசிறி ஓசையும் சுவரின் எதிரொலியும் குரலோடு கலந்துவிட்டால், மாதிரியை மாற்றுவதால் அவை போய்விடா. ஆகவே விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக்கை வையுங்கள். மிக நெருங்கினால் பெரும்பாலான மைக்குகளில் மந்த ஒலி வீங்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நம் வீடுகளில், பாட்டிமார் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்வோர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் குரல் மறுமுறை கிடைக்காமல் போகலாம். மூலப் பதிவைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், மைக்கின் பெயர், வைத்த தூரம் ஆகியவற்றை உடன் எழுதி வையுங்கள். சோதனையெல்லாம் பிரதியில்தான். நிறத்தை நாளையும் மாற்றலாம். குரலை இன்றே வாங்கி வைக்க வேண்டும்.