மறதியில் உறங்கும் இசைத்தட்டுக்கள்

பிரிட்டிஷ் ராக் இசை என்றதும் நம் விடுதித் தோழர்கள் பிங்க் ஃபிளாய்டின் பெயரைச் சொல்லுவர். சிலர் கிங் கிரிம்சனையும் சேர்த்துக்கொள்வர். 1969-இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் தட்டைப் புரோகிரசிவ் ராக் என்னும் புதுநெறிக்கு வாயில் என்று கொள்வது தவறன்று. ஆயினும் வாயிலோடு திரும்புவோர் வீட்டைக் கண்டவர் ஆகார். உள்ளே சென்று நான் கேட்டவற்றுள் சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இவ்விசைக்கு உரமிட்டோருள் மாணவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. பல்கலைக் கழக மாணவர் மன்றங்கள் குழுக்களை அழைத்துத் தம் கூடங்களில் பாடச் செய்தன. தி ஹூ குழுவின் பெயர்பெற்ற தட்டு ஒன்று 1970 பிப்ரவரி 14-இல் லீட்ஸ் பல்கலைக் கழக உணவுக்கூடத்தில் பதிவானதே! (நம் உணவுக்கூடத்தில் தட்டு ஓசை ஒன்றுதான் கேட்கிறது.) நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. ஈ.எம்.ஐ. ஹார்வெஸ்ட் என்றும், பிலிப்ஸ் வெர்டிகோ என்றும் 1969-இல் தனிப்பெயர்களில் தட்டுக்களை வெளியிடலாயின. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேலும் கொள்ளும் நெடுந்தட்டில் மூன்று நிமிடப் பாட்டின் தளை அறுந்தது.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்னும் குழு 1967-இல் மான்செஸ்டர் பல்கலைக் கழக மாணவர்களான பீட்டர் ஹாமில், கிறிஸ் ஜட்ஜ் ஸ்மித் ஆகியோரால் தோன்றியது. இயற்பியல் பயில்வோர் இப்பெயரைக் கண்டு புன்முறுவல் பூப்பர். மின்னேற்றம் பெருக்கும் அக்கருவியின் பெயர்தான், ஆனால் எழுத்துப் பிழையோடு நிலைத்துவிட்டது. ராக் குழுவுக்கு உயிரெனக் கருதப்படும் கிதாருக்கு இங்கே முதலிடம் இல்லை. ஹ்யூ பான்டனின் ஆர்கனும் டேவிட் ஜாக்சனின் சாக்ஸபோனும் கய் எவன்சின் முழவுமே முன்நிற்கின்றன. ‘பான் ஹார்ட்ஸ்’ (1971) தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. கலங்கரை விளக்கில் தனித்திருக்கும் காவலன் ஒருவனின் மனக்கலக்கம் இருபத்துமூன்று நிமிடம் விரிகின்றது. ஹாமில் சில இடங்களில் பாடுகிறார் என்பதைவிடக் கதறுகிறார் என்பதே பொருந்தும். இனிமை ஒன்றையே தேடுவோர்க்கு இது ஆகாது. தனிமை என்பது எப்படி ஒலிக்கும் என்று அறிய விரும்புவோர் இதைவிட்டு அகலமாட்டார். தாய்நாடு பாராமுகமாய் இருந்தபோது, இத்தாலி நாட்டார் இத்தட்டை விற்பனையில் முதலிடத்துக்கு ஏற்றினர்.

ஜென்டில் ஜயண்ட் வேறு வகை. ஷுல்மன் உடன்பிறந்தார் மூவர் 1967-இல் வேறொரு குழுவில் இருந்து ‘கைட்ஸ்’ என்னும் பாட்டால் வெற்றி கண்டவர்கள். அவ்வகைப் புகழில் மனம் ஒட்டாது, 1970-இல் புதுக்குழு அமைத்தனர். ராயல் இசைக்கழகத்தில் பயின்ற கெர்ரி மின்னியர் அவர்களோடு சேர்ந்தார். நம் இசை ஒரே இழையாய் ஓடுவது. இவர்களோ பல இழைகளை ஒருங்கே ஓடவிட்டுப் பின்னுகின்றனர். ‘ஆக்டபஸ்’ (1972) தட்டில் உள்ள ‘நாட்ஸ்’ என்னும் பாட்டில் ஒரு குரல் விட்ட இடத்தை மற்றொரு குரல் பற்றுகின்றது. முதல்முறை கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது. நான்காம் முறைதான் முடிச்சு அவிழ்ந்தது.

மெலட்ரான் பற்றியும் ஒரு சொல். பர்மிங்காம் பகுதியில் உருவான இக்கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஓர் ஒலிநாடா உண்டு. அதில் வயலின், குழல் முதலியவற்றின் ஒலி முன்பே பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடியில் தீர்ந்துவிடும். லெஸ்டர் நகரத்து ஸ்பிரிங் குழுவில் இதனை வாசித்தோர் மூவர்! 1971-இல் ஒரு தட்டை வெளியிட்டனர்; விற்கவில்லை; கலைந்தனர். முழவு வாசித்த பிக் விதர்ஸ் பின்னாளில் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவில் சேர்ந்து பெயர் பெற்றார்.

கேட்க விரும்பும் தோழர்கள் சனிக்கிழமை இரவு உணவுக்குப்பின் என் அறைக்கு வரலாம். கலங்கரை விளக்கப் பாட்டை மட்டும் இடையில் நிறுத்தச் சொல்லக்கூடாது.