பழக்கூடையும் பதின்மூன்று விதிகளும்

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1861ஆம் ஆண்டு ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்த அவர், மாமன் வீட்டில் வளர்ந்தார். அவ்வூர்ச் சிறுவர் ஆடிய கல்லெறி விளையாட்டு ஒன்று உண்டு. பாறைமேல் வைத்த கல்லைத் தொலைவிலிருந்து வேறொரு கல்லால் வீழ்த்த வேண்டும். ஏழுகல் ஆடிய பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். ஓங்கி எறிந்த கல் குறி தவறினால் நெடுந்தொலைவு போய்விடும்; ஆதலால் மேல்நோக்கி வளைவாக, மெல்ல எறிவதே நல்ல உத்தியாக இருந்தது.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே உடற்பயிற்சி கற்பித்த நெய்ஸ்மித், பின்னர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். அது 1891ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே ஆட இயலாமையால் அரங்கினுள் ஒரேவகைப் பயிற்சிகளைச் செய்து செய்து 18 மாணவர்கள் சலிப்புற்றிருந்தனர். அவர்களுக்கெனப் புதிய விளையாட்டு ஒன்றை இரண்டு வாரங்களுக்குள் உருவாக்குமாறு துறைத்தலைவர் லூதர் குலிக் பணித்தார்.

பந்தை ஏந்தி ஓடுவதனால்தான் ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்கின்றனர் என்பதை நெய்ஸ்மித் கண்டார். எனவே பந்துடன் ஓடுவதைத் தடுத்தார். இலக்கு தரையருகே இருந்தால் பந்தை விசையுடன் எறிவர். தலைக்கு மேலே இருந்தால்? பழைய கல்லெறி விளையாட்டு நினைவுக்கு வந்தது. பெட்டிகள் கேட்டவருக்குப் பள்ளிப் பணியாளர் பீச் பழக்கூடைகளையே தந்தார். அவை 10 அடி உயரத்தில் மாடத்தின் கைப்பிடியில் பொருத்தப்பட்டன. 13 விதிகள் எழுதப்பட்டன. அணிக்கு ஒன்பதுபேர் ஆடிய முதல் ஆட்டத்தில் பந்து ஒரேயொரு முறைதான் கூடையில் விழுந்தது. கூடைக்கு அடிப்பகுதி இருந்தமையால், விழுந்த பந்தை மேலேறித்தான் எடுக்கவேண்டியிருந்தது!

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பின்னாளில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

மருத்துவப் பட்டமும் பெற்ற நெய்ஸ்மித், 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே உடற்கல்வி கற்பித்தார், வாள்வீச்சும் பயிற்றுவித்தார், கூடைப்பந்து அணியையும் நடத்தினார். ஒன்பது பருவங்களில் அவ்வணி 55 ஆட்டங்களில் வென்றது, 60இல் தோற்றது. விளையாட்டைக் கண்டறிந்தவரே தோல்வியை மிகுதியாகக் கண்டார் என்பது வியப்புத்தான். ஆயினும் கூடைப்பந்து ஆடி மகிழ்வதற்குரியதே என்பது அவர் கொள்கை. வெற்றிக் கணக்கு அவரை அவ்வளவாக உறுத்தவில்லை.

1933இல் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின மாணவர் அங்கே சேர்ந்தார். கறுப்பினத்தவர் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லாத காலம் அது. தந்தையின் சொற்படி அவர் நேரே நெய்ஸ்மித்திடம் சென்று, தமக்கு வழிகாட்டுமாறு வேண்டினார். முதியவராகிவிட்ட ஆசிரியர் அவரை ஏற்றுக் கற்பித்தார்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. நெய்ஸ்மித் நேரில் சென்று கண்டார். இறுதியாட்டம் திறந்தவெளியில், மழையில் நடந்தது. அவர் பிறந்த கனடாவை, அவர் குடியேறிய அமெரிக்கா 19–8 என வென்றது. 1939இல் அவர் மறைந்தார். அணியில் இடம் மறுக்கப்பட்ட மெக்லெண்டனோ புகழ்பெற்ற பயிற்சியாளராகி, 1957 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தம் கல்லூரி அணியைத் தேசிய வாகை சூடச் செய்தார்.

பயிற்சி

1. கூடையைத் தலைக்கு மேலே பொருத்தியதன் காரணம் யாது?
2. மெக்லெண்டன் நெய்ஸ்மித்தை நாடியது ஏன்?
3. நீங்கள் அறிந்த ஒரு விளையாட்டின் விதிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.