வேலி பயிரை மேயாதிருக்க



நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் எமது உடலுக்கு உண்டென்பதை யாவரும் அறிவோம். அவ்வாற்றலை அளவோடு அடக்கியாளும் ஏற்பாடும் உடலிலேயே உண்டென்பதைச் சிலரே அறிவர். அதனை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

குருதியிலுள்ள வெண்குழியங்களே எமது காவற்படை. அவற்றுள் ஒருவகையான ரி கலங்கள் நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடைகின்றன. சொந்த உடலையே பகையெனக் கொள்ளும் கலங்களுட் பல அங்கேயே அழிக்கப்படுகின்றன. தப்பி வெளியேறுபவற்றை அடக்குவதற்கெனத் தனியான ரி கலங்கள் உள்ளன. 1995இல் யப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி இவற்றை இனங்காட்டினார். 2001இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் இவற்றுக்கு இன்றியமையாத பரம்பரையலகைக் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியாக்கள்மீது உடல் போர் தொடுக்காதிருப்பதற்கும் இக்கலங்கள் துணைபுரிகின்றன.

எனினும் இவ்வடக்கம் எப்பொழுதும் வெல்வதில்லை. தொண்டை நோவை உண்டாக்கும் ஒருவகை ஸ்ரெப்ரோகொக்கசுப் பற்றீரியாவின் புரதம், இதயத் தசையிலுள்ள புரதத்தை ஒத்திருக்கிறது. கிருமியைத் தாக்க எழுந்த படை, சில பிள்ளைகளில், இரண்டு மூன்று கிழமைகளின் பின் மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதுவே வாதக்காய்ச்சல்.

ஊரில் நாம் கற்பித்த காலத்தில், ஓட்டப்போட்டியின் நடுவே மூச்சிரைத்து அமர்ந்த மாணவனொருவனைச் சோம்பேறியெனக் கண்டித்தோம். அவனது இதய வால்வு பழுதுற்றிருந்ததைப் பின்னரே அறிந்தோம். அக்கண்டிப்பு இன்றும் எம்மை உறுத்துகிறது.

வளம்மிக்க இந்நாட்டில் இந்நோய் இராதென எண்ணியே நாம் வந்து சேர்ந்தோம். ஆயின் தென் ஒக்லாந்தில் மாவோரி, பசிபிக் தீவுச் சிறார்களிடையே இஃது இன்னும் ஒழியவில்லை. குளிரும் நெருக்கடியும் மிக்க வீடுகள் இதற்கொரு காரணம். 2011இல் அரசு தடுப்புத் திட்டமொன்றைத் தொடங்கி, பாடசாலைகளிலேயே தொண்டைச் சளியைச் சோதிக்க வழிசெய்தது. புதிதாய் வந்த எம்மவரும் ஒரே வீட்டிற் பலராய் உறங்கியதுண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, பெற்றோரே! பிள்ளை தொண்டை நோகிறதென்றால் கொத்தமல்லிக் குடிநீரோடு நின்றுவிடாது, மருத்துவரிடம் காட்டுங்கள். பெனிசிலின் வகை மருந்தை 10 நாட்களுக்குத் தந்தால், மூன்றாம் நாள் நோ தணிந்தாலும் பத்து நாளும் கொடுங்கள். தவறவிட்டால், நான்கு கிழமைக்கொருமுறை ஊசியெனப் பல்லாண்டு தொடர நேரலாம்.

மாணவச் செல்வங்களே! தொண்டை நோவை மறையாது வீட்டிற் சொல்லுங்கள். வேலியைக் காப்பதில் உங்களுக்கும் பங்குண்டு.