சிவகாசிப் பக்கம் டோர்னமெண்ட் நடத்த எதை எடுக்கலாம்?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் டோர்னமெண்ட் நடத்திச் சம்பாதிக்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் தொடுவது டென்னிஸ் பால் கிரிக்கெட்டைத்தான். தெருவுக்குத் தெரு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், கூட்டமும் சேர்ந்துவிடும். ஆனால் கூட்டம் சேர்ந்த டோர்னமெண்டில் கைக்காசு போட்டவர்களும் நிறையப் பேர். அதனால் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பணம் யார் பையிலிருந்து வரப்போகிறது? ஆடுகிறவரா, பெற்றோரா, பட்டாசு ஆலை முதலாளியா?

கிரிக்கெட்டுக்குக் கணக்குப் போடுவோம். 16 அணி, அணிக்கு 1,500 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்றால் வருவது 24,000. முதல் பரிசு 15,000, அடுத்தடுத்து 10,000, 7,000, 5,000 என்று நோட்டீஸில் போட்டால் பரிசுக்கு மட்டும் 37,000 வேண்டும். பரிசை அதைவிடக் குறைத்தால் வெளியூர் அணிகள் யோசிக்கும். ஆக, நான்கு பரிசுக்கும் உபயதாரர் கிடைத்த பிறகுதான் கட்டணப் பணத்தில் மிச்சம் என்ற பேச்சே. அதிலும் பந்து, அம்பயர், ஸ்கோரர், மைக் செட், பந்தல், தண்ணீர் கேன் எல்லாம் போக வேண்டும். நாக்-அவுட்டில் 16 அணிக்கு 15 ஆட்டம். இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து வைத்தால் 30 பந்து. 8 ஓவர் ஆட்டம் ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும், பகலுக்கு ஏழு ஆட்டம் முடிந்தால் பெரிது. மூன்றாவது ஞாயிறும் மைக் செட்டுக்கு வாடகை கட்ட வேண்டிவரும். 6 ஓவராக்கினால் முதல் ஞாயிறு எட்டு ஆட்டம், அடுத்த ஞாயிறு ஏழு என்று கச்சிதமாக முடிந்துவிடும். லீக் ஆசை வேண்டாம். நான்கு பிரிவு வைத்து லீக் நடத்தினால் இறுதி ஆட்டம் வரை 31 ஆட்டம் ஆகும், கட்டணம் அதே 24,000தான்.

மண்ணையும் பார்க்க வேண்டும். இது கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை விழுந்தால் செருப்பில் அப்பிய சேறு ஆளையே கீழே இழுக்கும். நாலைந்து நாளைக்கு மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் ஃபீல்டரின் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். அவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர். வெடிப்பை மண் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டும் செலவைக் கணக்கில் எழுதாமல் கோடை கிரிக்கெட்டுக்குத் தேதி குறிக்காதீர்கள்.

தேதியைத் தீர்மானிப்பது இங்கே ஆலைகளும் அச்சகங்களும்தான். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆட்டக்காரரும் கிடைக்க மாட்டார், முதலாளியும் கிடைக்க மாட்டார். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். பையன்களுக்கு நேரம் உண்டு, கையில் காசு இருக்காது, மழையும் விடாது. ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு காலண்டர் ஆல்பத்தை வெளியிடும் அச்சகங்களுக்கு டிசம்பர் வரை மூச்சுவிட நேரமில்லை. எல்லாம் கூடி வருவது தைப் பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் நடுவில்தான்.

உபயதாரர் விஷயத்தில் ஒரே பெரிய ஆலையை மட்டும் நம்பிப் பரிசை அறிவிக்காதீர்கள். 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து, அடுத்த ஆண்டு வியாபாரம் எப்படிப் போகும் என்பது முதலாளிகளுக்கே நிச்சயமில்லை. பரிசுகளைப் பிரித்துக் கொடுங்கள்: ஒன்று ஆலைக்கு, ஒன்று நகைக்கடைக்கு, ஒன்று ஊர்க்காரர் ஒருவருக்கு. நோட்டீஸ், சான்றிதழ், டை ஷீட் மூன்றையும் ஓர் அச்சகத்திடம் கேளுங்கள். ரொக்கம் தரத் தயங்குகிறவர்கூட மிச்சக் காகிதத்தில் அச்சடித்துத் தருவார். சிவகாசியில் நடத்துகிறவருக்கு வேறு ஊர்க்காரருக்கு இல்லாத சலுகை இது.

மின்னொளி கபடியைச் சொந்தப் பொறுப்பில் எடுக்க வேண்டாம் என்பேன். அது கோயில் கொடையோடு சேர்ந்த ஊர் விஷயம். செலவு ஊர்ப் பணம், பெயரும் ஊருக்கு. 13க்கு 10 மீட்டர் களம் அமைப்பது, நடுவர்களை அழைப்பது, இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்துகிறமாதிரி ஆட்டங்களை அடுக்குவது ஆகியவற்றைக் கமிட்டிக்குச் செய்து கொடுத்து, பேசிய கூலியை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கி போட்டியைக் கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்துகின்றன. லாபக் கணக்குக்கு அது முன்மாதிரி ஆகாது, நடத்தும் ஒழுங்கைக் கற்க ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்.

ஷட்டில் அடக்கமான தேர்வு. மழை, மண் கவலை இல்லை. 32 ஜோடி, 31 ஆட்டம். ஒரே கேம், 30 பாயிண்ட் என்று வைத்தால் மூன்று கோர்ட்டில் ஒரு நாளில் முடியும். காசு ஒழுகுவது இறகுப் பந்தில்தான். காலிறுதிக்கு முன்புவரை நைலான் பந்து என்று நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.

முதல்முறை நடத்துபவருக்கு நான் சொல்வது பள்ளிப் பிள்ளைகளுக்கான செஸ். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடும் 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் பெற்றோரிடம் ஏற்படுத்திய ஆர்வம் இன்னும் ஆறவில்லை. இதில் பணம் கட்டுபவர் பெற்றோர். சுவிஸ் முறையில் தோற்ற பிள்ளையும் கடைசிச் சுற்று வரை ஆடும், யாரும் முதல் ஆட்டத்தோடு வெளியேறுவதில்லை. சாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க ஆட்டம் கிடைக்கும். 120 பேர், ஆளுக்கு 300 என்றால் 36,000. முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைக்கும். ஆர்பிட்டர்களுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். தகராறு வந்தால் அவர்கள் சொல்தான் நிற்கும். பெற்றோர் உட்கார நிழலும் நாற்காலியும் கட்டாயம்.

எதை எடுத்தாலும் பரிசுப் பணத்தை உபயதாரரிடமிருந்து முதல் ஆட்டத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வெற்றிபெற்ற அணியை "அடுத்த வாரம் வா" என்று அலையவிட்டால் அந்த அணி மறு ஆண்டு வராது. பந்தலில் முதலுதவிப் பெட்டியும் ஒரு வண்டியும் நிற்கட்டும். உபயதாரர் ஆசையாகப் பட்டாசு அனுப்பினால் மேடைக்கு அடியில் அடுக்க விடாதீர்கள். சரவெடி என்றால் வாங்காமலே திருப்பி அனுப்புங்கள், அதற்கும் அந்த 2018 தீர்ப்பில் தடை இருக்கிறது.