கராஜுக்குள் ஒரு விமானம்

நோர்வூட்டில் விமானம் கட்டப்போகிறோம் என்று வாசலில் வந்து நின்ற தம்பிமாருக்கு, முப்பத்தைந்து வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் சொல்வது:

1. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். நம் நாட்டிலேயே ரே விஜேவர்தன செய்திருக்கிறார். வயலில் ஓடிய இரண்டு சக்கர லேண்ட்மாஸ்டரை வடிவமைத்த அதே மனுஷர், சின்ன விமானங்களையும் தானே கட்டித் தானே ஓட்டினார். ஆனால் அவர் கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர், விமானியும்கூட. கட்டப் பழகும்போதே ஓட்டவும் படியுங்கள்.

2. கராஜ் கதவை அளந்துவிட்டு வரைபடம் வாங்குங்கள். இறக்கையைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். கட்டி முடித்தது லொறியில் ஏறி கினிகத்தேனை வளைவுகளில் இறங்கியாக வேண்டும். ஏன் என்பதற்கு ஐந்தாவதைப் பாருங்கள்.

3. தகரம் வெட்டுவதற்கு முன் கொழும்பில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் போய்க் கேளுங்கள். மும்பையில் விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டினார். 2016இல் அது கண்காட்சிக்கு வந்தது, சனம் கூடிப் பார்த்தது. பறந்து பார்க்கும் அனுமதி கிடைத்ததோ 2019இல்.

4. ஹார்ட்வெயார் கடை போல்ட் கொழுந்து உருட்டும் ரோலருக்குப் போதும், இறக்கைக்குப் போதாது. கொழுந்து வாட்டும் விசிறியில் ஒருமுறை சுழலும் தகடு ஒன்று மட்டும் கொஞ்சம் கனம் கூடிவிட்டது. அந்த அதிர்விலேயே பேரிங் நொறுங்கியது. சுவிட்சை அமர்த்தினோம், நின்றது. மேலே போனபின் எந்த சுவிட்சை அமர்த்துவீர்கள்? எதையும் நிறுத்துப் பார்த்துப் பூட்டுங்கள், நிறையை எழுதி வையுங்கள். ஆடி மழையில் பசை ஒட்டும் வேலை வேண்டாம். குளிரில் இறுகாது, ஈரத்தில் மரமும் ஊறும்.

5. கட்டுவது இங்கே, பறப்பது இங்கே இல்லை. கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறோம். காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கைக்குப் பிடிப்புக் குறையும், இயந்திரத்துக்கும் மூச்சு வாங்கும், ஓடி எழும்ப நீண்ட சமதரை வேண்டும். நமக்கு இருப்பதெல்லாம் சரிவும் கானும்தான். அப்புறம் மூடுபனி. 1974 டிசம்பர் 4 இரவு, ஹஜ் பயணிகளோடு வந்த பெரிய டிசி-8 ஜெட், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கிட்ட வந்துவிட்டதென்று எண்ணித் தாழ இறங்கி, இதோ இந்தச் சப்தகன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அதை ஓட்டினவர்கள் பழுத்த விமானிகள். காசல்ரீயில் விமானம் இறங்குகிறதே என்பீர்கள். அது மிதவை பூட்டியது, அதற்கு நீர்த்தேக்கமே ஓடுபாதை. உங்களுடையதற்குச் சக்கரம். இரத்மலானை ஓடுபாதைக்குக் கொண்டு போங்கள், தெரிந்தவர் ஒருவர் முதலில் ஓட்டட்டும்.

6. முழு விமானத்தை நினைத்துத் தூக்கம் கெடாதீர்கள். இறக்கைக்கு ஒரே ஒரு விலா, வரைபடத்தில் உள்ள அளவிலேயே செய்து, வருகிற ஞாயிறு எடுத்து வாருங்கள். தராசு என்னிடம் இருக்கிறது.