சுவரில் படரும் பச்சை



கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு பருவமழையையும் பெறும் பகுதி. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் மறு மழை. நடுவே சுவர் நன்றாகக் காய்வதற்கு நாள் போதாது. அலமாரிக்குப் பின்னாலும் குளியலறைச் சுவரிலும் பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் படர்கிறது. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அதே அறையில் ஒரு பிள்ளை இரவெல்லாம் இளைத்துக்கொண்டு கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் குஷ்டதோஷத்தைப் பற்றி வாசிக்கிறோம். (இன்று நாம் தொழுநோய் என்று சொல்லும் வியாதி அல்ல இது. அந்தக் கிருமி சுவரில் படர்வதில்லை. பூசணமாக இருக்கலாம் என்பது வேத விளக்கவுரையாளர் பலருடைய கருத்து.) முதலில் சாமான்களையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் வந்து பார்ப்பான். படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, சுரண்டிய மண்ணை ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும். மேலே சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட அங்கே இடமே இல்லை. நாமோ கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடித்து மறைக்கிறோம். அடுத்த ஜூன் மழையில் அதே இடத்தில் பச்சை எட்டிப்பார்க்கிறது.

காரணம், உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. அது வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. மொட்டைமாடி விரிசல், கசியும் குழாய், தரையிலிருந்து ஏறும் ஓதம் ஆகியவற்றை எல்லாரும் அறிவோம். அடுப்பை மறந்துவிடுகிறோம். ஒரு கிலோ சமையல் வாயு எரியும்போது ஒன்றரை கிலோவுக்கும் அதிகமான நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்துவிடும். சோறு கொதிக்கும் ஆவி இந்தக் கணக்கில் சேராது. மழை நாளில் உள்ளே கொடி கட்டிக் காயப்போடும் துணியும் தன் தண்ணீரையெல்லாம் காற்றுக்கே கொடுக்கிறது. இதற்காக யாரும் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டாம்! விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையை வீட்டுக்குள் சுவாசித்ததால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் மரித்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

பழைய ஓட்டு வீட்டில் ஓட்டின் இடுக்குகள் வழியே ஆவி தானாக வெளியேறியது. கான்கிரீட் வீட்டில் அந்த வழி கிடையாது. இருக்கிற வெண்டிலேட்டரையும் கொசுவுக்குப் பயந்து அட்டையால் அடைக்கிறோம். அட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள். புகைபோக்கி விசிறியைச் சமையல் முடிந்த பிறகும் சற்று நேரம் ஓடவிடுங்கள். அலமாரியைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை கொட்டும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் முகம் காட்டியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் நல்லது.

பூசண வாடையை மறைக்கச் சாம்பிராணி போடுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. குளித்த கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டும் பாட்டிமாரின் அன்பு பெரியது; ஆனால் இளைப்புள்ள குழந்தைக்குப் புகை எதுவானாலும் புகைதான். கொசுவர்த்திச் சுருள்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு இருந்ததாக அது தெரிவித்தது. சிகரெட்டே பிடிக்காத வீட்டில், மூடிய அறையில், பிள்ளையின் தலைமாட்டில் அது எரிகிறது. கொசுவலை புகைவதில்லை.

படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் வாழ்கின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே பிழைக்கின்றன. ஆகவே விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் கொதிக்கும் வெந்நீரில் நனைத்துத் துவையுங்கள். மெத்தையை வெயில் கண்டபோதெல்லாம் உலர்த்துங்கள்.

பூசணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அதன் விதைத்தூள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, விசிறி வைத்துச் சுவரைக் காயவிட வேண்டும். காரை உதிர்ந்திருந்தால் சுரண்டி எடுத்து, கசிவை அடைத்து, முழுவதும் காய்ந்த பிறகே பூச வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். உண்டாகும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. அன்று முழுவதும் அந்த அறையில் படுக்கவும் கூடாது. சுவர் காய்ந்துவிட்டது என்று பிள்ளையின் இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அதை மருத்துவரிடம் கேட்டே குறைக்க வேண்டும்.