பைராம் வெயிலுக்கு ரப்பர் சப்பாத்து

மதுரை, திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள், “நாங்கள் பார்க்காத வெயிலா?” என்பார்கள். பினாங்கில் வெப்பம் 32, 33 டிகிரியைத் தாண்டுவது குறைவுதான். ஆனால் காற்று முழுக்க ஈரம். வேர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தைச் சுற்றிவிட்டு, புக்கிட் பஞ்சோர் காட்டிலும் ஏறப் போகிறீர்கள் என்றால் பருத்திச் சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொண்டு மாலைவரை காயாது. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தொங்கும் மெல்லிய கால்பந்து ஜெர்சி போதும்.

காலுக்கு ‘கம்போங் அடிடாஸ்’. பெயரைக் கேட்டு பெரிய கம்பெனிச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பால்மரம் சீவப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்துதான் அது. ஒரே வார்ப்பு, கயிறு கிடையாது, அடியில் முள் முள்ளாகப் பிடிப்பு. சேற்றில் வழுக்காது, ஓடையில் இறங்கினாலும் தண்ணீரைக் குடித்துக் கனக்காது. இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்பார்கள்) சின்ன ஊர் இரும்புக் கடைகளிலேயே கிடைக்கும். ஒரு அளவு பெரிதாக வாங்கி, முழங்கால்வரை நீண்ட காலுறையோடு போடுங்கள். அட்டைக்கும் அது தடுப்பு. உள்ளே கால் வேகும், மறுக்கவில்லை. உட்காரும்போதெல்லாம் கழற்றிக் காற்றாட விடுங்கள். நானூறு வெள்ளித் தோல் பூட்ஸைவிட எனக்கு இதுதான் உசத்தி.

கழுத்துக்கு நனைத்த ‘குட்மார்னிங்’ துண்டு, தலைக்கு அகன்ற தொப்பி. ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. அதற்குத்தான் ஒரு ஹண்ட்ரட் பிளஸ் பானம், பையில் நாலு அசாம்பாய் (உப்பிட்ட உலர் பிளம்).

தோட்டத்துக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். செம்பனை வளர்ந்து நிற்கும் இடத்தில் நிழல் உண்டு; இளங்கன்று நட்ட பகுதியில் ஒதுங்க இடமே இல்லை. மட்டைக் குவியலில் கை வைக்காதீர்கள், பாம்பு இருக்கும். பஞ்சோரில் வௌவால் குகையைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததே வீண். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்: கூட்டம், ஒலிபெருக்கி.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் நிபோங் திபால், சில வெள்ளிதான். மீதித் தூரத்துக்கு கிராப் வாடகைக் கார். படகுத்துறையில் ஒருவன் என் பையைப் பிடித்துக்கொண்டு, “இன்றைக்கு ரயிலே இல்லை அண்ணே, 120 வெள்ளி கொடுங்கள், வாசலில் இறக்குகிறேன்” என்று தமிழிலேயே சத்தியம் செய்தான். பையைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தால், ரயில் நின்றுகொண்டிருக்கிறது! நம்மவன் என்று நம்பினால் இப்படித்தான். யார் அண்ணே என்றாலும் நிற்காமல் நடங்கள்.

காலை ஏழரைக்கு நடை தொடங்கி பதினொன்றுக்குள் கீழே இறங்கிவிடுங்கள். மதியத்துக்குமேல் இடியோடு மழை வரும். கூட வருகிறவர் தலை சுற்றுகிறது என்றாலோ, பேச்சு குழறினாலோ, உச்சி பக்கம்தான் என்று இழுத்துப் போகாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, உடனே 999-ஐ அழையுங்கள்.